வீடு சேர்க்கிற வண்டி

முன்பக்கத்து இடது சீட்டைத் திரும்ப வண்டிக்குள் மாட்டப் பரசுராமனுக்கு ஒரு காலை முழுவதும் பிடித்தது. அந்தச் சீட்டு வண்டியை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்குள் கதவோரமாகக் கிடந்தது. மனைவி அம்சா அதில் உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்குவாள். மகள் கலாவதி பள்ளிக்கூடம் போன நாளில் அதில் சாய்ந்துகொண்டு பாடம் படித்தாள். இப்போது அதைத் தூக்கி வந்து வண்டிக்குள் நுழைத்தால், போல்ட் துளைகள் துருவும் மண்ணுமாக அடைத்துக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கம்பியால் குடைந்து, குப்புறவும் மல்லாந்தும் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடுக்கினான். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறித் தனக்கு மூச்சு வாங்குவது அவனுக்கே கேட்டது.

"இப்பத்தான் நைனா கார் மாதிரி இருக்குது," என்றாள் கலாவதி ஜன்னலிலிருந்து.

அம்சா வெளியே வந்து புடவைத் தலைப்பால் சீட்டை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே போனாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. அவள் முகத்தில் அதைப் பார்த்து நாளாகிவிட்டதால் அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

வண்டி மோரிஸ் மைனர். கல்கத்தாப் பக்கம் பூட்டி இறக்கியபோது பேபி இந்துஸ்தான் என்று பேர் வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் அது மோரிஸ்தான். பரசுராமனின் ஆயுசு இந்த ஒரு ஜாதி வண்டியிலேயே ஓடிவிட்டது. மீசை அரும்பி முடிந்த வயதில் பட்டுக்கடை முதலாளி ஒருவருக்கு டிரைவராகப் போனபோது, சீமையிலிருந்து கப்பலில் வந்த மோரிஸை ஓட்டினான். அதற்கு விளக்கு இரண்டும் கீழே, மூக்கை ஒட்டி, கம்பிச் சட்டத்துக்குள் ஒடுங்கியிருக்கும். எதையோ தொலைத்துவிட்டுத் தலைகுனிந்து தேடிப் போகிற மாதிரி இருக்கும் அந்த வண்டி. அடுத்து டாக்டர் ஒருவரிடம் ஓட்டிய மோரிஸில் விளக்குகள் மேலேறி மட்கார்டில் உட்கார்ந்துவிட்டன. அதற்கடுத்து வந்ததில் இன்ஜினே வேறு, இருந்ததைவிடச் சின்னது. ஏற்றத்தில் இழுக்காது, கெஞ்சும். கடைசியாக வந்த 'ஆயிரம்' என்கிற மோரிஸுக்கு முன்கண்ணாடி நடுவில் கம்பி இல்லாமல் ஒரே வளைவாக இருந்தது. அதை வாலாஜாபாத்துக்காரர் ஒருவருக்காக ஒரு மழைக்காலம் ஓட்டியிருக்கிறான். பாலாற்றங்கரையில் தன் பங்குக்கு வந்த நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று அவன் வாங்கியது பழையதுதான். இரண்டு துண்டுக் கண்ணாடி, பழைய இன்ஜின். திரும்பும்போது கதவுகளுக்கு நடுவிலிருந்து கை மாதிரி ஒரு துண்டு வெளியே நீளும். பல சமயம் நீண்ட கை உள்ளே போகாது, தட்டிவிட வேண்டும்.

முதலில் எல்லாரையும்போல டாக்ஸியாகத்தான் ஓட்டினான். கோயில் பார்க்க வருகிறவர்கள், முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள். ஒருநாள் மதராஸில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் கை நீட்டினான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. பெண்டாட்டியை நடைபாதையில் படுக்க வைத்திருந்தான். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள், எந்த டாக்ஸிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான் என்று அழுதான். பரசுராமன் ஏற்றினான். அவளால் உட்கார முடியவில்லை. வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள். அடுத்த தடவை அப்படி ஒருவர் கூப்பிட்டபோது முன்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டான். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். பிறகு சீட்டு திரும்பவும் ஏறவே இல்லை.

உயிரோடு ஏறி உயிரோடு இறங்கியவர்கள் உண்டு. சில பேருக்குப் பூந்தமல்லி தாண்டியதும், சில பேருக்குச் சுங்குவார்சத்திரம் தாண்டியதும், பின்னால் பேச்சு நின்றுவிடும். கூட வருகிறவர்கள் அழ மாட்டார்கள். அழுதால் வண்டியை நிறுத்தி இறக்கிவிடுவானோ என்று பயம். அவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். வாசலில் வண்டி நின்றதும்தான் எல்லாரும் ஒன்றாகக் கதறுவார்கள். அவன் இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொள்வான்.

ஊருக்குத் தெரிந்துபோனது. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் ஸ்டாண்டில் அவன் வண்டியைத் தாண்டிப் போய் அடுத்த வண்டியில் ஏறினார்கள். உயிருள்ள சவாரி குறையக் குறைய, மற்றது மட்டுமே மிஞ்சியது. அம்சா அவனைக் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வாள். அவன் ஈர வேட்டியோடு வருவதைப் பார்த்தும், பலகையைக் கழுவிச் சாய்த்து வைத்தும் அவளுக்கு அலுத்துவிட்டது, கோபம்கூட வருவதில்லை. கலாவதிக்கு வந்த இரண்டு வரன்கள், பெண் யார் மகள் என்று தெரிந்ததும் நின்றன.

மூன்றாவதாக வந்ததுதான் செவிலிமேட்டுக் குப்புசாமியின் மகன். குப்புசாமிக்கு ஆற்றோரம் நிலமும் ஒரு ரைஸ் மில்லும் இருந்தன. மகன் தாலுக்கா ஆபீஸில் வேலை. அப்படிப்பட்ட இடம் தானாகத் தேடி வந்ததற்குக் காரணம், குப்புசாமியின் அக்கா பூவம்மாள். அவள் புருஷனைப் பரசுராமன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு கொண்டுவந்து சேர்த்தான். வாசலில் இறக்கியபோது அந்த மனுஷனுக்கு மூச்சு இருந்தது. அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார். பிள்ளை இல்லாத பூவம்மாள் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். "அந்த வூட்டுப் பொண்ணுதான் நம்ப வூட்டுக்கு வரணும்," என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாளாம்.

குப்புசாமி வந்து பேசினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஒரே ஒரு விசயம் சம்பந்தி. அந்த வேலைய விட்டுடுங்க. சீட்ட மாட்டிட்டு மத்தவங்க மாதிரி ஓட்டுங்க. கல்யாணத்தண்ணைக்கு உங்க வண்டி சத்திரத்து வாசலுக்கு வர வேணாம். பொண்ணழைப்புக்கு நான் அம்பாசடர் அனுப்பிடறேன்."

பரசுராமன் சரி என்றான். அவமானமாகக்கூட இல்லை. யாரோ தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவிட்ட மாதிரிதான் இருந்தது.

தேதி குறித்த பிறகு பூவம்மாள் வயிற்று நோவில் படுத்தாள். மதராஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஆபரேஷன் ஆகும், தேறிவிடுவாள் என்று குப்புசாமி சொன்னார். அதற்குமேல் பரசுராமனும் கேட்கவில்லை. பத்திரிகை வைக்கிற வேலை, பாத்திரம் எடுக்கிற வேலை, கருட சேவைக் கூட்டம் என்று ஊரே நெரிந்துகொண்டிருந்த வைகாசி அது.

சீட்டு ஏறிய மறுநாள், பெட்ரோல் பம்ப் வாங்க அவன் மதராஸுக்குப் போனான். பழைய பம்ப் ஓடும்போதே நின்றுவிடும். இறங்கி ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி டிக்டிக்கென்று அடிக்கும். நல்ல சவாரி ஏற்ற வேண்டுமானால் அதையெல்லாம் சரி பண்ண வேண்டும். புதுப்பேட்டையில் வஹாப் பாய் கடையில் பழைய மோரிஸ் சாமான் கிடைக்கும். பாய் ஒரு குவியலைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"உனக்கு சமாசாரம் தெரியுமா? சீமையிலயே மோரிஸ் மைனர நிறுத்திட்டான்பா. இனிமே வராது. இருக்கறத வெச்சிக்கினு காலத்த ஓட்டிக்க வேண்டியதுதான்."

"எல்லாமேவா?"

"சின்னது எல்லாமே. பெரிய மோரிஸ் மட்டும் இங்க லேண்ட்மாஸ்டராயி, அம்பாசடராயி ஓடிக்கினு இருக்குது. இது அதோட தம்பிதான? சீமையில பத்து லட்சம் தாண்டிக்கூட வித்தானாம். ஆஸ்டின்காரனும் மோரிஸ்காரனும் ஒண்ணா சேர்ந்தானுங்க பாரு, அப்பவே இன்ஜின மாத்திட்டானுங்க. அப்புறம் புதுசு புதுசா வேற வண்டி. இத்த யாரு சீந்துவாங்க?" பாய் எழுந்து வந்து மோரிஸின் முன் பம்பரைக் குனிந்து தொட்டார். நடுவில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு துண்டு இருந்தது. "இது இன்னா தெரியுமா உனக்கு?"

இத்தனை வருஷம் துடைத்திருக்கிறான். தெரியாது.

"மொதல் வண்டி செஞ்சு முடிச்சப்புறம் அத்த வரைஞ்ச என்ஜினியர் பார்த்தானாம். ஒடுக்கமா இருக்குதேன்னு மனசுக்கு ஒப்பல. நடுவால நீட்டுக்கும் அறுக்கச் சொல்லிட்டான். ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வெச்சுப் பார்த்து, இது போதும்னு நாலு இன்ச்சு எடம் விட்டு ஒட்டினானாம். பம்பரெல்லாம் முன்னயே அடிச்சு வெச்சிட்டாங்க. அத்தையும் அறுத்துத் துண்டு வெச்சு சேர்த்துட்டாங்க."

பம்ப் கிடைத்தது. மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உச்சி வெயில். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பூவம்மாளைப் பார்க்காமல் போனால் நன்றாயிருக்காது என்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பெண்கள் வார்டில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவள் கிடந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அருகில் யாரும் இல்லை. நர்ஸ் அவனைப் பார்த்ததும் கேட்டாள்: "நீங்க அந்தம்மா வூட்டு ஆளுங்களா? ஆபரேஷன் பண்ணிப் பிரயோசனமில்ல, வூட்டுக்கு இட்டுக்கினு போங்கன்னு டாக்டர் சொல்லி நாளாவுது. தம்பின்னு ஒருத்தரு வந்தாரு. அப்புறம் வரேன்னு போனவருதான்."

பூவம்மாள் கண்ணைத் திறந்து அவனை அடையாளம் கண்டுகொண்டாள். "கலாவதி நல்லா இருக்குதா? மஞ்ச அரைச்சாச்சா?"

"அரைக்கணும்கா. நீங்க..."

"குப்பு கல்யாணம் முடிஞ்ச கையோட வரேன்னான். தப்பு இல்லப்பா. பந்தல் போட்ட வூட்ல என்னைக் கொண்டாந்து போட்டா நல்லாவா இருக்கும்?" சற்று மூச்சு வாங்கினாள். "தண்ணி கேட்டா குடுக்கத்தான் ஆளில்ல. மத்தபடி ஒண்ணுமில்ல."

அவன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். பாதி கழுத்தில் வழிந்தது.

"வண்டியிலதான வந்த?"

"ஆமாங்கா." பிறகு, கேட்காமலே சொன்னான்: "சீட்ட மாட்டிட்டேன்கா."

"நல்லது. அத்தத் திரும்ப எடுக்காத," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரசுராமன் வெளியே வந்து வண்டியை எடுத்தான். யாரும் தன்னைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவளே சொல்லிவிட்டாள். அவளுக்குச் சொந்தத் தம்பி இருக்கிறான். அவளை வீட்டுக்குக் கொண்டுபோய், கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால், தாலி ஏறாது. பெண் பேரில் பழி விழும். பொண வண்டிக்காரன் பெண்ணைப் பேசினார்கள், வீட்டில் சாவு விழுந்தது என்று செவிலிமேட்டில் பேசுவார்கள். அதற்கப்புறம் கலாவதியை எவன் கேட்டு வருவான்? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எழும்பூர் தாண்டிப் போகும்போது கால் ஆக்ஸிலேட்டரை அழுத்த மறுத்தது. ஊரில் முகம் தெரியாத எத்தனை பேரை வீடு சேர்த்தாயிற்று.

அமைந்தகரையில் ரேடியேட்டர் கொதித்தது. ஓரங்கட்டி, குழாயடியில் டின்னில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினான். வண்டி களக்களக்கென்று குடித்தது. இன்னும் ஊற்றினான். டின்னை மூடி வைத்துவிட்டு ஸ்டீரிங்குக்குப் பின்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்தினான். பரசுராமன் வண்டியைத் திருப்பினான்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் மண்டியிட்டு, நேற்று மாட்டிய போல்ட்டுகளைக் கழற்றினான். இப்போது எண்ணெய் இருந்ததால் சுலபமாக வந்தன. சீட்டை மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டினான். பலகை இல்லை, காவல்காரனிடம் ஒரு பழைய பெஞ்சுப் பலகை கேட்டு வாங்கினான். உள்ளே, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். சம்பந்தி என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பி என்றான்.

பூவம்மாள் முதலில் வேண்டாம் வேண்டாம் என்றாள். வண்டியில் படுக்கவைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பூந்தமல்லி தாண்டிக் காற்று வரத் தொடங்கியதும் சொன்னாள்: "செவிலிமேட்டுக்குப் போவாத. குப்பு பந்தக்கால் நட்டிருப்பான்."

"பின்ன எங்கக்கா போறது?"

அவன் மோரிஸை மெதுவாகவே ஓட்டினான். பேச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வண்டியில் அவன் பேச்சுக் கொடுத்ததே இல்லை. இன்று என்ன பேசுவதென்று தெரியாமல், பாய் சொன்ன கதையைச் சொன்னான். வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று நடுவில் அறுத்து இடம் விட்ட கதை. பூவம்மாள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"செஞ்சு முடிச்ச பொருள அறுத்தானா?"

"அப்படித்தான் சொன்னாரு பாய்."

"நல்ல மனுசன்," என்றாள். "எடம் பத்தலன்னு தெரிஞ்சாலும் யாரு அறுக்கறாங்க."

பொன்னேரிக்கரை முனையில், கை காட்டுகிற துண்டு வெளியே வராமல் அடம்பிடித்தது. அவன் கையையே வெளியே நீட்டிக் காட்டிவிட்டு ஊருக்குள் திரும்பினான். செவிலிமேட்டுப் பாதையில் போகவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்துச் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது அம்சா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். மேலே கட்டியிருந்த சீட்டைத்தான் முதலில் பார்த்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து ஜன்னல் வழியாக உள்ளே யாரென்று பார்த்தாள். திரும்பவும் போய்ப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"சம்பந்திக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னும் அஞ்சாறு நாளுதான இருக்குது. அது வரைக்கும் உன்னால சும்மா இருக்க முடியலையா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊர்ல இருக்கற அத்தினி பேரையும் நீ வூடு சேத்துட்ட," என்றாள் அம்சா. "நாம எப்ப வூடு போயி சேர்றது?"

கலாவதி உள்ளிருந்து வந்தாள். அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார்க் கதவைத் திறந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். "புடி நைனா. வெயில்ல எவ்ளோ நேரம் இருப்பாங்க?" அவள் கைக்கு அது பாரமாக இருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அம்சா எழுந்தாள். மிளகாயை ஓரமாக வாரித் தள்ளிவிட்டு, கல்யாணப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த உள்ளறைக்குப் போனாள். ஒவ்வொன்றாக நகர்த்துகிற சத்தம் கேட்டது.

குப்புசாமிக்கு மறுநாளே சேதி போய்விட்டது. மில் சைக்கிளில் தானே வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன்ன யாரு போவச் சொன்னது? நான் சொன்னனா? எங்க அக்காவ நான் பாக்க மாட்டனா?"

"தண்ணி குடுக்க ஆளில்லன்னாங்க சம்பந்தி."

"ஊரு பூரா பத்திரிகை வெச்சிட்டேன். மந்திரி வரைக்கும் சொல்லியாச்சு. நாலு நாள் கழிச்சு நானே போயி இட்டுக்கினு வந்திருப்பேன்." அவருடைய குரல் உடைந்தது. "அவதான் என்னை வளர்த்தா. தெரியுமா உனக்கு? எங்கம்மா முகம் எனக்கு ஞாபகமில்ல. என்னை இன்னா மனுசன்னு நெனச்சிக்கினு இருக்கற?"

பரசுராமன் எதுவும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த மனிதரும் தூங்கி நாளாகியிருக்கும் என்றுதான் அவர் கண்ணைப் பார்த்தபோது தோன்றியது. "உள்ள வந்து பாருங்களேன்," என்றான்.

குப்புசாமி வாசற்படி வரை வந்தார். உள்ளறையிலிருந்து பூவம்மாளின் இருமல் கேட்டது. படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பரசுராமனின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார்.

"கேளு. கல்யாணம் நிக்காது. எம் பையன் உம் பொண்ணுக்குத்தான் தாலி கட்டுவான். ஆனா அதுக்கு முன்ன ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா எனக்குச் சொல்லாத. எங் காதுக்கு வந்தாத்தான் தீட்டு. தாலி ஏர்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியக்கூடாது. அத்தோட, அவ இங்க இருக்கறான்னு நான் வந்து பாக்கவும் முடியாது. பாத்தா, விட்டுட்டுப் போவ மாட்டேன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சந்து முனையைத் தாண்டினார். ஏறி மிதிக்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கல்யாண வீடு என்று எட்டிப் பார்த்த பெண்கள், உள்ளறைக் கட்டிலைப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்குகூட எடுத்துக்கொள்ளாமல் போனார்கள். அம்சா பலகாரம் சுட்டுக்கொண்டே இடையில் எழுந்து போய்ப் பூவம்மாளின் துணியை மாற்றினாள். கைகழுவிவிட்டு வந்து மறுபடி மாவைப் பிசைந்தாள். கலாவதி கஞ்சி ஊட்டினாள். முதல் நாள் அரை டம்ளர் இறங்கியது. பிறகு ஸ்பூன் கணக்கு. பரசுராமன் மோரிஸுக்குள் உட்கார்ந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளிருந்து யாராவது வேகமாக வெளியே வந்தால் ஒரு காலை வண்டிக்கு வெளியே எடுத்து வைப்பான்.

ஒருமுறை பூவம்மாள் அம்சாவைக் கூப்பிட்டாள். "நான் சாவ மாட்டேன், பயப்படாத. பொண்ணு கழுத்துல ஏறட்டும்."

"அதெல்லாம் உங்க கையிலயாக்கா இருக்குது," என்றாள் அம்சா. சொல்லிவிட்டு அவள் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தாள். "வாயத் தொறங்க. இன்னும் ஒரு வாய்."

கல்யாணத்தன்று பெண்ணையும் பெற்றவர்களையும் ஏற்றிப்போகக் குப்புசாமியின் அம்பாசடர் பூச்சரத்தோடு சந்து முனையில் வந்து நின்றது. கலாவதி கூரைப்புடவை மடித்த தட்டோடு உள்ளறைக்குப் போய்ப் பூவம்மாளின் காலைத் தொட்டாள். பூவம்மாள் கண் விழித்தாள், ஏதோ சொன்னாள். யாருக்கும் விளங்கவில்லை. கலாவதி மட்டும் "சரி அத்தே," என்றாள்.

பூவம்மாளோடு இருக்கத் தாவீது வந்திருந்தான், சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு. தாவீது ஸ்டாண்டில் லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவன். "நீ போப்பா. நான் வந்தா என்னை எந்தப் பந்தியில உக்கார வெக்கறதுன்னு உன் சம்பந்திக்குத்தான் ரோசனை. இங்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல," என்றான்.

பரசுராமன் மோரிஸ் சாவியை அவனிடம் கொடுத்தான். "தம்பியப் பாக்கணும்னு கேட்டாலும் வா. வேற எதுன்னாலும் வா. ஆனா உள்ள வந்து சொல்லாத. வண்டிய முனையிலயே நிறுத்திட்டு வாசல்ல நில்லு. நான் பாத்துக்கறேன்."

சத்திரத்தில் நாயனச் சத்தம் காதை அடைத்தது. பரசுராமனும் அம்சாவும் மணையில் உட்கார்ந்து, ஐயர் சொன்னதையெல்லாம் செய்தார்கள். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. எதிரில் குப்புசாமி, மார்பெல்லாம் சந்தனம், வருகிறவர்களைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டே இருந்தார். முகத்தில் சிரிப்பு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அவருடைய கண் அடிக்கடி வாசலுக்குப் போவதைப் பரசுராமன் கவனித்தான். தன்னுடையதும் போவதை அம்சா கவனித்திருப்பாள். தட்டில் தண்ணீர் ஊற்றும்போது முழங்கையால் அவனை மெல்ல இடித்தாள்.

பெண் கையை மாப்பிள்ளை கையில் வைத்து முடித்து நிமிர்ந்தபோது, வாசலில் தாவீது நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே வரவில்லை. அவர்கள் பக்கம் பார்க்கவும் இல்லை. வாசலில் வந்தவர்களின் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தாவீது குனிந்து அவற்றை ஜோடி ஜோடியாக எடுத்துச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினான். அவசரமே இல்லாதவன் மாதிரி, ஒவ்வொன்றாக, நிதானமாக. அவன் முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை.

குப்புசாமியும் பார்த்துவிட்டார். பரசுராமனின் ஸ்டாண்டுக்காரன் என்று அவருக்குத் தெரியும். பார்வையைத் திருப்பிப் பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் ஓமப் புகையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். புகையில் எல்லாருக்கும்தான் கண் கலங்கியிருந்தது. "கெட்டிமேளம்," என்று ஐயர் கையைத் தூக்கினார். தவிலும் நாயனமும் வெடித்துக்கொண்டு எழுந்தன. கலாவதியின் கழுத்தில் தாலி ஏறியது. அட்சதை நாலா பக்கத்திலிருந்தும் விழுந்தது. அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேளம் தணிவதற்குள் குப்புசாமி எழுந்துவிட்டார். யாரோ மாலையோடு வந்து அவரை மறித்தார்கள். அவர் விலக்கிவிட்டு நடந்தார். பரசுராமனும் எழுந்து பின்னாலேயே போனான். வாசலில் தாவீது நிமிரவில்லை. கையில் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு அதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தான். குப்புசாமி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் செருப்பு எங்கே என்றும் பார்க்கவில்லை. அடுக்கி வைத்திருந்த வரிசைகளுக்கு நடுவே கால் வைத்து இறங்கினார். பட்டு வேட்டியின் நுனி மண்ணில் புரள, பூச்சரம் சுற்றிய அம்பாசடரைத் தாண்டி, மோரிஸ் நின்றிருந்த தெருமுனையைப் பார்த்து வெறுங்காலோடு நடந்தார்.